தலைமாட்டுச் சுவர்

வால்பேப்பர் ஒட்ட வந்த சகாயம் தலைமாட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கட்டிலில் கிடந்த அவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேருந்துப் படியில் விழுந்து பதினொரு மாதம். அன்றிலிருந்து மல்லாந்த படுக்கை. கண்ணுக்கு எட்டுவது எதிர்ச்சுவரும் அதில் ஓர் ஆணியும்தான்.

போன வாரம் கணவன் தாமோதரன் மூன்று நாள் வால்பேப்பர் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். கை கடுத்திருக்கும், பாவம். நீலக் கொடியில் மஞ்சள் குருவிகள் இருந்த பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள்.

கட்டிலுக்குப் பின்னால்தான் ஒட்டுவார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான், கதவைத் திறந்ததும் பளிச்சென்று இருக்கும் என்றான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் சரி என்றாள்.

பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்கள். இனி சுவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம். அந்த வகையில் அலங்காரம் பெரிய உபகாரம்தான்.

சகாயம் கதவருகே போய் நின்றான். பார்வை முதலில் விழுகிற இடத்தில் முதல் தாளை ஒட்ட வேண்டுமாம். பொருந்தாத துண்டு மூலைக்குப் போய்விடுமாம். சொல்லிக்கொண்டே வந்தவன் சாதாரணமாகக் கேட்டான்.

"நீங்க எங்கருந்துக்கா பாப்பீங்க?"

"இங்கருந்துதான்."

பென்சிலை வைக்கிற சத்தம்.

கட்டிலருகே வந்து மண்டி போட்டான். அவள் தலையணைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்தான். அவள் பார்க்கிற பக்கம் பார்த்தான்.

"ஆணிதான்கா தெரியுது."

தாள் ஒரு சுவருக்குத்தான் இருந்தது. அவர் ஆசையாக வாங்கியது, சொன்ன இடத்திலேயே ஒட்டிவிடு என்றாள்.

யாருக்காக வாங்கினார் என்று கேட்டான்.

அவள் வெகுநேரம் ஆணியையே பார்த்தாள்.

"பிடுங்கிடு தம்பி."

முதல் தாள் அவள் கண்ணுக்கு நேரே இறங்கியது. அதன் ஓரத்தில் பாதிக் குருவி. அடுத்த தாள் வந்து ஒட்டியதும் அதற்கு மறு சிறகு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்படி வந்தது. பொருந்தாத துண்டைக் கதவு மறைக்கிற மூலைக்குத் தள்ளிவிட்டான்.

கிளம்பும்போது அவனிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். நல்லா இரு என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் தாமோதரன் வந்தான்.

வாசலில் நின்று ஆசையாகத் தலைமாட்டைப் பார்த்தான். பழைய வெள்ளைச் சுவர். அதில் பென்சில் கோடுகள்.

திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. தப்பாக ஒட்டிவிட்டானே, யார் கண்ணுக்குத் தெரியும் இங்கே என்று போனை எடுத்தான். கூப்பிட்டு மாற்றச் சொல்ல வேண்டும் என்றான்.

"நான்தான் சொன்னேன். இங்க வந்து படுங்க."

கட்டிலில் அவ்வளவு இடமில்லை. ஒருக்களித்து ஏறி, மெல்ல மல்லாந்து, அவள் தலையணையில் தலை வைத்தான்.

பார்த்தான்.

அவள் மூன்றாவது வரிசையில் தலைகீழாகத் தொங்குகிற குருவியைப் பார்க்கச் சொன்னாள். அவன் அதையே பார்த்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவனுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். மூன்று நாள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்த கை அது. சொல்ல வரவில்லை. அதனால் குருவியைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசினாள்.

அவன் காது அவள் காதில் பட்டது. ஈரமாக இருந்தது.

மல்லாந்து படுத்திருக்கிறவர்களுக்குக் கண்ணீர் காதுக்குத்தான் போகும். அவளுக்குத் தெரியும்.