அடியில் தங்கியது

சாயப்பட்டறைக்காரர்கள் மேல் பாவாத்தாள் போட்ட வழக்கில், அவள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்திருந்தார்கள். எடுத்த அன்று அது கருஞ்சிவப்பாக இருந்தது. வாய்தாக்கள் போய்க்கொண்டேயிருந்தன. அவளோடு கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் பட்டறைக்கே வேலைக்குப் போனார்கள். ஒருவர் கவுன்சிலர் ஆனார். கோர்ட்டின் இருட்டறையில் அசையாமல் நின்ற பாட்டிலில் சாயமெல்லாம் வண்டலாகி, அடியில் விரல் கனத்துக்குப் படிந்துவிட்டது.

இன்று நீதிபதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தெளிவாத்தானேம்மா இருக்கு?”

“ஒருக்கா குலுக்கிப் போட்டுப் பாருங்க சாமி” என்றாள் பாவாத்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். சான்றுப் பொருளின் நிலையை யாரும் மாற்றக் கூடாது என்றார். அவளுடைய வக்கீலோ தலை குனிந்துகொண்டார்.

“இருக்கிறதைப் பார்க்கிறதுதாம்மா கோர்ட்டோட வேலை. கலக்கிவிடுறது இல்லை” என்றார் நீதிபதி, அன்பாகத்தான்.

“அப்ப என்ற கையில ஒரு நிமிசம் குடுங்க சாமி. நான் குலுக்க மாட்டனுங்க. சும்மா புடிச்சுக்கறன்.”

அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கெட்ட நரம்பு. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அவள் கைகள் இரண்டும் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. நீதிபதி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகரிடம் கண்ணைக் காட்டினார். சேவகர் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி, துளியும் அசங்காமல், இருந்த அறைக்கே கொண்டுபோனார்.