காதுக்குள் கிரீம்

கேக்கை வெட்டியாயிற்று. யாரும் என் முகத்தில் பூசவில்லை.

எங்கள் டீமில் கேக் வெட்டுவது சும்மா ஒரு சாக்கு. பூசுவதுதான் பிறந்தநாள். புருவம், காது, சட்டைக் காலருக்குள் என்று ஓர் இடம் விட மாட்டார்கள். போன மாதம் ஜெயப்ரியாவுக்குக் கண்ணாடியோடு சேர்த்துப் பூசினார்கள். அவளும் சிரித்தாள். எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

மே பதினைந்து வந்தால் நான் லீவு. இந்தக் கம்பெனிக்கு வந்த ஐந்து வருடத்தில் இரண்டு தடவை காய்ச்சல், ஒரு தடவை வயிற்றுப்போக்கு, இரண்டு தடவை ஒரே அக்காவுக்குக் கல்யாணம்.

அழுக்குக்குப் பயந்து ஓடுகிறேன் என்று எல்லோருக்கும் நினைப்பு. அழுக்கு இல்லை. முகத்தில் பிசுபிசுப்புப் பட்டால் எனக்கு வலிக்கும். இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி வலிக்கும்.

அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது என்று பிப்ரவரியில் குரோம்பேட்டை டாக்டர் ஒருவர் சொன்னார். ஆட்டிசத்தில் ஒரு வகையாம். அது குழந்தைகளுக்கு வருவதல்லவா, எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறதே என்றேன்.

"அந்தக் குழந்தைங்க வளர மாட்டாங்களா சார்?" என்றார்.

அன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தே தாம்பரம் வந்தேன். அவ்வளவு சந்தோஷம். பிறந்ததிலிருந்து 'அவன் ஒரு மாதிரி' என்று கேட்டே வளர்ந்தவனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? மேனேஜர் ஸ்ரீநிவாசராகவனிடம் போய்ச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எனக்குக் கேக் பூச வேண்டாம், இந்த வருடம் லீவு போடாமல் வருகிறேன் என்றேன்.

நல்ல மனுஷர். எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார்.

இப்போது பாருங்கள். பாதி டியூப் லைட்டை அணைத்திருக்கிறார்கள். பிறந்தநாள் பாட்டை, துக்க வீட்டில் பேசுவது போல, மெதுவாகப் பாடினார்கள். கை தட்டவில்லை. ஜெயப்ரியா ஒரு துண்டைப் பேப்பர் தட்டில் வைத்து, ஸ்பூனையும் கையில் கொடுத்து, "மெதுவா சாப்பிடுங்க ஆல்வின்" என்றாள்.

ஐந்து வருடமாக என்னை 'டேய் ஆல்வினு' என்று கூப்பிட்டவள். பிப்ரவரியோடு 'டேய்' போய் 'ங்க' வந்துவிட்டது. எனக்கு அந்த 'டேய்' வேண்டும். கேட்டு வாங்குகிற சாமானா அது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஸ்ரீநி பக்கத்தில் வந்து குரலைத் தணித்துச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நார்வேக்கு உங்களுக்குப் பதிலா வினோத்த அனுப்பறேன் ஆல்வின். புது ஊரு, புது ஆளுங்க, உங்களுக்கு எதுக்கு அந்த டென்ஷன்? இங்கயே நிம்மதியா இருங்க. அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும்."

அங்கே ஒரு துறைமுகத்தில் கண்டெய்னர்களை அடுக்கப்போகிற புரோகிராம் நான் எழுதியது. இரண்டு வருடம், தனியாக. வினோத்குமார் அதில் ஒரு வரி எழுதியதில்லை. அது ஓடுவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காக டிசம்பரிலேயே சென்ட்ரல் பக்கம் கடை கடையாக ஏறி, கழுத்தில் குத்தாத ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் கேட்டது கேக் மட்டும்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதையும் நோயில் சேர்த்துவிடுவார்கள். கத்தினாலும் நோய்தான், அழுதாலும் நோய்தான். வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன்.

மணி நாலு இருபது.

கை கொள்ளும் அளவுக்குக் கிரீமை அள்ளினேன். என் முகத்தில் நானே பூசிக்கொண்டேன்.

நெற்றியில், கன்னத்தில், காதுக்குள். எரிந்தது. முதுகு வரைக்கும் எரிந்தது. கண்ணை மூடவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிய சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் வினோத்குமார் ஓவென்று கத்தினான். யாரோ லைட்டைப் போட்டார்கள். மூன்று மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மேலே விழுந்தார்கள்.

"டேய் ஆல்வினு, எல்லாரையும் ஏமாத்திட்டியேடா" என்று ஜெயப்ரியா பேப்பர் தட்டை என் தலையில் கவிழ்த்தாள்.

'டேய்' வந்துவிட்டது.

ஸ்ரீநி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு ஒண்ணும் இல்லடா. அந்த டாக்டர் என்னத்தையோ உளறியிருக்கான்."

"ஆமா சார், தப்பா சொல்லிட்டாரு" என்றேன்.

அந்த டாக்டர் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசியவர். முழுக்கக் கேட்டவர். அவரை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வினோத்தின் பெயரை அடித்துவிட்டு ஸ்ரீநி என் பெயரை எழுதினார். ஜூனிலிருந்து ஆறு மாதம், ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே வீடு. அங்கே போய் எல்லார் பிறந்தநாளையும் ஜமாய்ச்சுடலாம் என்றார்.

கம்பெனி பஸ் கேளம்பாக்கம் தாண்டிய பிறகும் காதுக்குள் கிரீம் இருந்தது. அடுத்த வருடமும் லீவு போட மாட்டாயே என்று பக்கத்து சீட்டிலிருந்து ஜெயப்ரியா கேட்டாள். போட மாட்டேன் என்றேன்.

மே பதினைந்து, என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்ட தேதி. நான் பிறந்தது நவம்பர் ஏழு. ஒவ்வொரு வருடமும் அன்று ஆபீஸுக்கு வந்து, என் இடத்தில் உட்கார்ந்து, யாரும் தொடாமல் வீட்டுக்குப் போவேன்.

இந்த நவம்பர் ஏழாம் தேதி நார்வேயில் இருப்பேன். அதையாவது யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டும்.