எண்பத்து மூன்று டிகிரி

மூன்றாம் முறையும் எண்பத்து மூன்றுதான் வந்தது.

அவள் கால்குலேட்டரைத் தள்ளிவைத்தாள்.

காலையில் ஆய்வகத்தில், தெர்மாஸ் குடுவைத் தண்ணீரில் இன்றைய கலவைக்கான இரண்டு ரசாயனங்களையும் துளியளவு கலந்து பார்த்திருந்தாள். நெருப்பில்லாமலே வெப்பமானி ஏழு டிகிரி ஏறியது. தண்ணீரின் எடை, ஏறிய டிகிரி, வெளிவந்த வெப்பம். அந்தக் கணக்கை, கீழே பிளாண்டில் ரசாயனங்களைக் கலக்கும் பெரிய ரியாக்டர் தொட்டிக்கு விரித்தாள்.

அதில் இதுவரை நானூறு கிலோவுக்கு மேல் போட்டதில்லை. கலவை அறுபது டிகிரியோடு நின்றுவிடும்.

இன்று எண்ணூறு போடச் சொல்கிறார்கள்.

வெப்பம் இரண்டு மடங்கு. அதை வாங்கிக்கொண்டு போகிற குளிர்நீர்க் குழாய் அதே பழைய குழாய்.

எண்பதைத் தொட்டால் கலவை தானாகவே சிதையத் தொடங்கும். சிதையச் சிதைய இன்னும் சூடாகும். அதன்பின் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது, ரியாக்டர் வெடிக்கும் வரை.

மேனேஜர் ஞானசேகர், இன்றைய கலவையின் அளவு எழுதிய பேட்ச் ஷீட்டை அவள் முன் வைத்தார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எண்பதுக்கும் எண்பத்து மூணுக்கும் மூணு டிகிரிதானம்மா. கணக்குன்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

"இருக்கும் சார். எந்தப் பக்கம்னுதான் தெரியல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"இன்னிக்குச் சாயங்காலமே கன்டெய்னர் போகணும். நீங்க இன்னும் பெர்மனென்ட் ஆகல. அதுக்காகச் சொல்றேன்."

அறையின் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே, பிளாண்டில், ஆபரேட்டர் அருளப்பன் ரியாக்டரின் மூடியைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார் என்பது உதட்டசைவில் தெரிந்தது.

அவள் ஷீட்டில் இருந்த எண்ணூறைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் நானூறு என்று எழுதினாள். அதன் கீழே இன்னொரு நானூறு.

கையெழுத்துப் போட்டாள்.

ஞானசேகர் தாளைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பேட்ச் ஓடும்போது அவள் வெப்பமானியின் முன்னால் நின்றாள். ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்தொன்று.

நின்றது. இறங்கியது.

இரண்டாவதும் அப்படியே.

ஒன்றும் நடக்கவில்லை.

கணக்கு தப்பாக இருந்திருந்தால்? எண்பத்து மூன்று உண்மையில் எழுபத்தைந்தாக இருந்திருந்தால்? இனி எப்போதும் தெரியப்போவதில்லை. நடக்காத ஒன்றை யாரிடமும் காட்ட முடியாது. பிந்திப்போன கன்டெய்னரைக் காட்டலாம். அதை அவள் கோப்பில் எழுதி வைப்பார்கள்.

ஆறரை மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அருளப்பன் நின்றிருந்தார். முகம் கழுவிய ஈரம் சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஒரே பேட்ச்ல முடிய வேண்டியதாமே மேடம். நீங்கதான் ரெண்டாக்குனீங்களாம். பாப்பா இன்னிக்கு ஸ்கூல்ல டான்ஸ் ஆடுறா. அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருப்பாங்க."

அவள் வாயைத் திறந்தாள். எண்கள் வரிசையாக வந்து நின்றன.

"இப்பக் கிளம்பினா கடைசியாவது பாத்துடலாம்ணே" என்றாள்.

அவர் ஹெல்மெட்டை மாட்டினார். வண்டியை முறுக்கிக்கொண்டு, கோபமாக, ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக, மகளின் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் திரும்பிப் போனார்.