மூன்று நாள் லீவு

நாற்பத்திரண்டு ஆகஸ்ட். செஞ்சிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன ஹெட்மாஸ்டர் தேவசகாயம், லீவு லெட்டரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க அப்பா உண்ணாவிரதமா? எத்தனை நாளா?”

“ஒம்பது நாளா சார்,” என்றான் தொண்டூர் ஸ்ரீபால். “கூட இருக்கணும். மூணு நாள் லீவு…”

“எப்ப முடிப்பாராம்?”

“முடிக்கமாட்டாரு சார்.”

அவர் லெட்டரைக் கீழே வைத்தார். போராட்டத்தில் சேரும் மாணவர்களை நீக்கச் சொல்லும் சுற்றறிக்கை மேசைமேல் கிடந்தது.

“சுதந்திரம் வாங்கித் தரப்போறாரோ? ஒரு நாள் வராட்டியும் பேரை அடிச்சிடுவேன். பரீட்சை எழுத முடியாது.”

“சார், அது வந்து…”

“எதிர்த்துப் பேசாதே. கிளாஸுக்குப் போ.”

மூன்று நாளும் ஸ்ரீபால் தவறாமல் வந்தான். நாலாம் நாள் காலை அறை வாசலில் வந்து நின்றான்.

“நைனா விரதம் முடிஞ்சிட்டுது சார்.”

“இப்பவாவது புத்தி வந்ததே! என்ன சாப்பிட்டார்?”

ஸ்ரீபால் இல்லையென்று தலையசைத்தான்.

“தீராத நோவு சார். எங்க ஜைனருங்கள்ல சிலபேரு கடைசியா சோறு தண்ணிய விட்டுட்டுத்தான் உசுர விடுவாங்க. நேத்து, நான் கிளாஸுல இருக்கச்சே போயிட்டாரு.”

தேவசகாயத்தின் கை வருகைப் பதிவேட்டின்மேல் இருந்தது. அதில் மூன்று நாளும் ஸ்ரீபால் ஆஜர்.

“இன்னிக்கு மட்டும் லீவு வேணும் சார்,” என்றான். “கொள்ளி வைக்கணும்.”