துக்கத்துக்கு இறங்கிய காகம்

புயல் மரங்களையெல்லாம் சாய்த்துவிட, எஞ்சிய ஒற்றைப் புளியமரத்தில் ஏழூர்க் காகங்களும் நெருக்கியடித்து அடைந்தன. மூன்றாம் நாள் மூக்கொழுகிக் கிடந்த ஒரு காகம் செத்து விழுந்தது. ஒன்று செத்தால் இனமே சூழ்ந்து நின்று கரைவது காக்கை வழக்கம், அவ்வாறே கரைந்தன. மறுநாள், கரைந்தவற்றுள் நான்கு விழுந்தன.

உச்சிக் கிளையில் மூன்று குஞ்சுகளோடு இருந்த தாய்க்காகம் மட்டும் அசையவில்லை.

"துக்கத்துக்கு வராமல் என்ன அக்கா அங்கே காவல்?" என்றது கீழ்க்கிளைக் காகம்.

"நேற்று அழப்போனவர்கள்தானே இன்று கிடக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறதடி."

"சரி, இரு. நாளை உன் குஞ்சு விழுந்தால் கரைய ஒரு நாதி வராது."

அந்தச் சொல் தாய்க்காகத்தைச் சுட்டது. நோயைவிட ஊரார் வாய்க்கு அஞ்சி இறங்கியது. இறகோடு இறகு உரச நின்று, எல்லோரையும்விட உரக்கக் கரைந்தது.

மறுநாள் இரையோடு திரும்பும் வழியில் அதன் மூக்கு ஒழுகத் தொடங்கிற்று. கூட்டை நெருங்காமல் எதிர்க்கிளையிலேயே அமர்ந்துவிட்டது.

அம்மா வந்துவிட்டாள் என்று குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்தன. வெகுநேரம் மூடவேயில்லை.