பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயர்

"அந்த வெள்ளைச் சட்டை காலர் பொத்தானைக் கொஞ்சம் உள்ள தள்ளித் தச்சு வை. கழுத்து இளைச்சுப்போச்சு," என்றார் என் கணவர் கம்பாய்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கையில் ஒரு தொலைபேசி, இந்தப் பக்கம் என் கையில் ஒன்று. மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது. ஜூன் ஒன்பதாம் தேதியோடு தாய்லாந்தில் கஞ்சா குற்றமில்லை, அதற்காக உள்ளே இருப்பவர்களை அன்று காலையே விட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பொத்தானைப் பற்றித்தான் பேசினார்.

ஜூன் ஒன்பதாம் தேதி ஏழு மணிக்கெல்லாம் அந்தச் சட்டையோடு சிறை வாசலில் நின்றேன்.

அறுபது, எழுபது பெண்கள். எல்லோர் கையிலும் மடித்த துணி. உள்ளே உடுத்தியதை உள்ளேயே விட்டுவிட்டு, வேறு துணியில், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும் என்பது வழக்கம்.

பெயரை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். படித்தால் வெளியே வரலாம். கம்பாயின் பெயரைப் படிக்க வேண்டும். அன்று எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் நின்றவள் பெயர் மாலிவான். அவள் கணவனும் கஞ்சா விற்று உள்ளே போனவன்.

"வர்ற வழியில சந்தையைப் பாத்தீங்களா அக்கா? துளசிக் கட்டுக்குப் பக்கத்துல கஞ்சாக் கட்டு. விக்கிறது யாருன்னு நெனக்கிறீங்க? எங்க வீட்டுக்காரரைப் புடிச்சாரே போலீஸ்காரர், அவரு பொண்டாட்டி."

"பாத்தேன்."

"இந்த மனுஷன் வெளிய வந்து இனிமே என்னத்தை வித்துப் பொழைப்பாருங்கறேன். ஊரே கடை போட்டிருச்சு. ஒளிஞ்சு ஒளிஞ்சு வாங்கினவனெல்லாம் இப்ப நின்னு பேரம் பேசுறான்."

முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பாய்க்கு ஐந்து வருடம் வாங்கிக் கொடுத்த அதே இலை. காலையில் நான் வரும்போது சந்தையில் அதை வாழை இலையில் பரப்பி, வாடாமல் தண்ணீர் தெளித்து, வெயிலில் வைத்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கோழி சூப்பில் போடுவதற்கு ஒரு கட்டு வாங்கினாள். பையில் போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தக் கை கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. ஆள் நுழையும் சின்னக் கதவு இல்லை, லாரி போகும் பெரிய கதவு. அது திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்வரை குற்றவாளிகள். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் செய்துவிடவில்லை; படுத்துத் தூங்கி எழுந்திருந்தார்கள், அவ்வளவுதான். பாங்காக்கில் எங்கோ ஒரு தாளில் ஒரு வரி மாறியதற்கு, இங்கே இத்தனை பெரிய இரும்பு நகர்ந்துகொண்டிருந்தது. ஒருவர் வாசல் கோட்டுக்கு அருகில் வந்து, தாண்டலாமா என்று தெரியாமல் நின்றார். காவலர் அவர் முதுகில் கை வைத்து, மெதுவாக வெளியே விட்டார்.

முப்பத்தெட்டாவது பெயருக்கு மாலிவானின் கணவன் வந்தான். அவள் முதலில் அவன் தலையில் ஓர் அடி போட்டாள். பிறகுதான் அழுதாள்.

நாற்பத்தொன்று.

"கம்பாய் சீலாவோங்."

யாரும் வரவில்லை. அதிகாரி மறுபடியும் படித்தார். பெண்கள் எல்லோரும் கதவையே பார்த்தார்கள்.

"வந்துட்டாரு," என்றேன். சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அதிகாரி தலை நிமிரவில்லை. பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு, நாற்பத்திரண்டைப் படித்தார்.

கம்பாய் சிறை மருத்துவ அறையில் காய்ச்சலில் இறந்து அன்றோடு பதினேழு நாள்.

உடலைக் கொடுத்தார்கள், எரித்தோம். ஆனால் பூட்டிய வாசலுக்குள் போன உயிரை, அந்த வாசலுக்குரியவர் பெயர் சொல்லி அனுப்பினால்தான் அது வெளியே வரும். எங்கள் ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. இரண்டு முறை ஊதுபத்தியோடு வந்து கெஞ்சினேன். நெருப்பு வைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய சாமான்களை எடுத்துக் கொடுத்த எழுத்தர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பட்டியல் ஏற்கெனவே மேல போயிடுச்சு அக்கா, பேரை எடுக்க முடியல. அன்னைக்கு அவர் பேரையும் படிச்சிருவாங்க. நீங்க வராதீங்க, மனசு கஷ்டப்படும்."

அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

சட்டையை வண்டியின் பின் இருக்கையில் விரித்துக் கட்டினேன். வழி நெடுக ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் வழி தவறிவிடுவார்.

"இடது பக்கம் திரும்புறோங்க."

"பாலம் வருது, புடிச்சுக்குங்க."

சந்தை வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "பாருங்க," என்று மட்டும் சொன்னேன்.

சந்தையைத் தாண்டினால் போலீஸ் சோதனைச் சாவடி. அதன் வழியாக நேராகப் போனால் வீடு ஆறு கிலோமீட்டர். கம்பாய் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே வயல் பாதையில் இறங்கி, பதினொரு கிலோமீட்டர் சுற்றித்தான் வருவார்.

"வலது பக்கம் இறங்குறோங்க," என்றேன்.

இப்போது சாவடியில் அந்த இலையை யாரும் தேடுவதில்லை. சந்தையிலிருந்து என் வீடு இன்றைக்கும் பதினொரு கிலோமீட்டர்.