கம்பெனி பேட்டரி

சாவியைத் திருகினான். டிக் என்றது.

மறுபடி திருகினான். அதே டிக்.

மூன்றாம் தடவை அதுவும் இல்லை.

"எறங்காத" என்றான்.

அவள் இறங்கவில்லை. பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி மூன்று விரல் அளவு இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இனி அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

காலையிலேயே வண்டி இழுத்து இழுத்துத்தான் கிளம்பியது. கடவுளே, இன்றைக்கு மட்டும் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டாள். ஒரு காருக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்.

பெருந்துறையில் அவனுடைய சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்தி முடிந்து, சொந்தபந்தமெல்லாம் மண்டப வாசலில் வெற்றிலை போட்டபடி நின்றது. அத்தனை கண்ணும் இந்த வெள்ளை வண்டி மேல்தான்.

நல்லசிவம் வந்தார். லாரி ஓட்டுகிறவர், அவனுக்கு மச்சான் முறை. அந்த மூன்று விரல் இடுக்கில் வாயை வைத்துப் பேசினார்.

"வண்டியோட வந்த கம்பெனி பேட்டரிதான மாப்ளே? நாலு வருசம் வந்ததே பெருசு. பாதிப் பேருக்கு மூணுலயே புட்டுக்கும். ஆள் பிடிச்சுத் தள்ளுனா கெளம்பிரும், வா."

"வேண்டாம், விடுங்க."

நல்லசிவம் சிரித்துக்கொண்டே போனார். ஊர் கூடித் தள்ளினால் மாப்பிள்ளை கெத்து என்னாவது? அதற்கு உள்ளேயே உட்கார்ந்து வெந்துபோகலாம் என்று முடிவு கட்டிவிட்டான். கூடவே அவளும் வேக வேண்டும்.

"கம்பெனி பேட்டரின்னா அஞ்சு வருசம் வரோணும். பழைய ஸ்டாக்கப் பார்த்து எங்க தலையில கட்டிட்டாரு உங்கப்பா."



இவர்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த வண்டி. வண்டி அவன் பேரில் இருக்கிறது. கோளாறு மட்டும் இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது.

டயர் தேய்ந்தபோது அப்பாவுக்குப் போன் போடச் சொன்னான். ஏசி குளிராதபோதும் சொன்னான். போன ஆடியில் இவனே ரிவர்ஸ் எடுத்து அரிசி ஆலைச் சுவரில் சாத்தினான். அதற்கும் போன்தான். சாத்தினது யார் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே அந்த மனுஷன்? கேட்க மாட்டார். மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து, திருச்செங்கோட்டிலிருந்து மொபெட்டிலேயே வந்து நிற்பார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். வேலை முடியும்வரை வாசலிலேயே நிற்பார்.

அவருக்கு மூன்று தறி இருந்தது. ஒரு தறியும் அம்மா நகையும் இந்த வண்டியாயின. இன்னொன்று ரிப்பேர் ரிப்பேராகக் கரைந்தது.

மிச்சம் ஒன்று. அதிலும் கை வைத்தால் அப்பா எதை வைத்துச் சாப்பிடுவார்?

"போடு போனை" என்றான். வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னான்.

போடாவிட்டால் நடப்பதும் தெரிந்ததுதான். வீட்டுக்குப் போனதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். மாமியார் தட்டை நங்கென்று வைப்பாள். கடைசியில் போன் போட்டுத்தான் தீர வேண்டும். அவளும் முட்டி மோதிப் பார்த்தாயிற்று.

மூச்சு முட்டியது. கண்ணாடி இடுக்கில் முகத்தை வைத்துக் கொஞ்சம் காற்று வாங்கினாள்.

பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. புத்தம் புதுசு. நம்பர் பிளேட் இன்னும் வரவில்லை, முன்னால் ரோஜா மாலை கட்டியிருந்தது. இன்றைய கல்யாணப் பெண்ணின் வீட்டார் கொடுத்தது. பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் துடைத்தார்.

அதற்குள்ளும் ஒரு கம்பெனி பேட்டரி இருக்கும். மூன்று வருஷமோ, நாலு வருஷமோ.

அவள் போனை எடுத்தாள். அவன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் கத்தித்தான் பேசினார். அவனுக்கும் கேட்டது.

"சொல்லு சாமி. வண்டில எது போச்சு?"

சாப்பிட்டாயா இல்லை. சௌக்கியமா இல்லை. அப்பா மேல் தப்பில்லை. வேறு எதற்காவது அவரைக் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"பேட்டரி" என்று அவன் வாயசைத்தான்.

"ஒண்ணும் போகலப்பா" என்றாள். "நான் வர்றேன்."

"வண்டிலயா?"

கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. அதற்குப் பேட்டரி வேண்டியதில்லை. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனாலும் காற்று இருந்தது. மண்டப வாசலில் பேச்சு நின்றது.

"இல்லப்பா. பஸ்ல."

அந்தப் பக்கம் தறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஈரோட்டுல மாறோணும் சாமி" என்றார் அப்பா. "நான் அங்கயே வந்து நிக்கறேன்."